அர்ச். சவேரியாரும் கடற்கரைச் சிறுவரும்

நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, நாம் சிறிது தயங்கினோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் பார்த்துவரும் நமக்குப் புலவர் பெருமக்களைப் போல் எழுத வாராது. எனினும், நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாறு கடலொடு கலக்கும் பூவார் முதலாக ஊர் ஊராய் நடந்து, தமிழ் மொழியிலே சிறுவர்க்கு ஞானோபதேசம் புகட்டிய ஒரு மகானுடைய வரலாற்றை நம் காலனிக் குடும்பங்கள் அறிவது நன்றெனத் தோன்றிற்று. அவர் அர்ச்சியசிஷ்ட பிரான்சிஸ் சவேரியார்.

சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் உளர். அவருள் ஒரு சமயத்தார் போற்றும் அடியாரைப் பற்றி இம்மலரில் எழுதுவது தகுமோ என்று வினவுவோர்க்கு ஒன்று கூறுவோம். பிறமொழியாளர் ஒருவர் நம் தாய்மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்ற கதை இது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தம் கடமை முடிந்ததென இருக்கும் பெற்றோர் யாவர்க்கும் உரிய கதையுமாம்.

பிறப்பும் கல்வியும்

ஸ்பெயின் தேசத்தின் வடபால், பிரனீஸ் மலையடிவாரத்தில் நவார் என்னும் சிறு இராச்சியம் இருந்தது. அங்குள்ள சவேரியார் கோட்டையில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். தந்தையார் அரசருடைய ஆலோசகர்; கற்றவர். பிரான்சிஸுக்கு ஒன்பது வயது நடக்கையிலேயே தந்தையார் இறந்தார். நவார் தன் சுதந்திரத்தை இழந்தது. தமையன்மார் போரில் இறங்கினர். 1516-இல் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. இத்தகைய இடர்களுக்கிடையே வளர்ந்த பிரான்சிஸ், படிப்பினால் குடும்பத்தின் பழம்பெருமையை மீட்கலாம் எனக் கருதி, 1525-இல் பாரிஸ் மாநகர்ப் பல்கலைக் கழகம் சென்றார்.

அங்கே அர்ச். பார்பரா கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் வாழ்ந்தவர் பீட்டர் பாபர் என்பவர். பின்னர் 1529-இல் அவ்வறைக்கு வந்து சேர்ந்தார் இஞ்ஞாசியார். போரிற் காயமுற்று நொண்டி நடந்தவர், வயதில் மூத்தவர். பிரான்சிஸோ ஓட்டத்திலும் தாண்டுதலிலும் வல்லவர். பட்டமும் பதவியும் நாடியவர். தத்துவ சாஸ்திரம் கற்பிக்கும் ஆசிரியராகவும் அமர்ந்துவிட்டார். அத்தகையவரது மனத்தை இஞ்ஞாசியார் மெல்ல மெல்லத் திருப்பினார். 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், மோன்மார்த்தர் குன்றின் சிறு கோயிலில் எழுவர் கூடி, ஏழ்மையும் கற்பும் காப்போமென வாக்களித்தனர். அவருள் பிரான்சிஸும் ஒருவர். அதுவே சேசு சபையின் வித்து. 1537-இல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார். 1540-இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அச்சபையை அங்கீகரித்தார்.

இந்தியப் பயணம்

போர்த்துக்கல் அரசர், இந்தியாவுக்குக் குருமார் வேண்டுமென இஞ்ஞாசியாரைக் கேட்டார். செல்வதற்கென முதலில் நியமிக்கப்பட்டவர் நோயுற்றமையால், பிரான்சிஸ் அவ்விடத்தை ஏற்றார். தமது முப்பத்தைந்தாம் பிறந்த நாளாகிய 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தினின்று கப்பலேறினார். காற்றுக்கும் காலத்துக்கும் கட்டுப்பட்ட பாய்க்கப்பல் அது. வழியில் மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்க நேர்ந்தது. கோவா வந்து சேர்ந்தது 1542 மே 6-ஆம் நாள். லிஸ்பன் விட்டு ஓராண்டும் ஒரு மாதமும் ஆயிற்று.

கோவாவில் அவர் செய்தது யாது? பெரிய மேடைகளை நாடவில்லை. கையில் ஒரு சிறு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மணியோசை கேட்டுச் சிறுவர் கூடினர். அவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, செபங்களை இராகத்தோடு சொல்லிக் கொடுத்தார். பாரிஸில் தத்துவம் கற்பித்தவர் கோவாத் தெருவில் மணியாட்டும் உபதேசியாரானார்.

முத்துக்குளித்துறையில்

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் வாழும் பரதவ மக்கள், 1535-க்கும் 1537-க்கும் இடையே ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் அவர்கட்கு வேதம் போதிப்பார் எவருமிலர். பெயர் மட்டும் மாறியிருந்ததே தவிர, செபம் ஒன்றும் அறியார். இதனைக் கேள்வியுற்ற பிரான்சிஸ், 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கோவாக் கல்லூரியிற் பயின்ற தமிழ் மாணாக்கர் மூவரை உடனழைத்துக்கொண்டு இக்கரைக்கு வந்தார்.

வந்த இடத்தில் முதல் இடர் மொழி. அவருடைய தாய்மொழி பாஸ்க், மக்களுடையது தமிழ். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காது. இந்நிலையில் அவர் தூத்துக்குடியில் இருமொழியும் ஓரளவு அறிந்தோரைத் தேடித் திரட்டினார். அவர்களைத் தம்முடன் அமர்த்தி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை எனப்படும் பிரியதத்த மந்திரம், பத்துக் கற்பனைகள், பாவசங்கீர்த்தன மந்திரம் முதலியவற்றை மிகுந்த பிரயாசையுடன் தமிழாக்குவித்தார். பின்னர்த் தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். முப்பத்தாறு வயதுப் பட்டதாரி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் தமிழை உருப்போட்டார்!

உருப்போட்டது முடிந்ததும் மீண்டும் மணியை எடுத்தார். நாளொன்றுக்கு இருமுறை சிறுவரைக் கூட்டினார். ஒரு மாத காலம் இவ்வாறு கற்பித்தபின் அச்சிறுவர்க்கு ஒரு வேலை கொடுத்தார். தாம் கற்றதைத் தாய் தந்தையர்க்கும், வீட்டிலுள்ளார்க்கும், அண்டை அயலார்க்கும் அவர்களே கற்பிக்க வேண்டும் என்பது அவ்வேலை. ஞாயிறுதோறும் ஊரார் அனைவரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி, இதனை விசுவசிக்கின்றீர்களா எனக் கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் சிலுவைபோல் மடித்துக்கொண்டு விடையளிப்பர். அவ்விடையைச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் பெரும்பாலும் அவரவர் வீட்டுப் பிள்ளைகளே.

நோயாளிகள் தம்மை வந்து தொட்டுச் செபிக்கும்படி எல்லாத் திசையினின்றும் அழைத்தனர். ஒருவரே எத்தனை வீட்டுக்குச் செல்ல இயலும்? அங்கும் சிறுவரையே அனுப்பினார். தமது செபமாலையை அவர்கள் கையிற் கொடுத்தனுப்புவார். சிறுவர் நோயாளியின் வீடு சென்று, வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லுமாறு செய்வர். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து போனதையும், செபங்களைச் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மியதையும் அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள சகோதரர்க்கு எழுதினார். பாரிஸில் படித்துப் பட்டம் தேடித் திரிவோர் இங்கு வந்து உழைக்கலாகாதா என்ற ஏக்கமும் அக்கடிதத்தில் உண்டு.

தாம் இல்லாத நாளில் என் செய்வது? ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். செபங்களின் ஏட்டுப் பிரதி ஒன்றை ஊரில் வைத்து, அதைக்கொண்டு பிள்ளைகட்குக் கற்பிப்பதும், ஆபத்துக் காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர் கடமை. இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்த்துக்கல் அரசியாரின் பாதரட்சைச் செலவுக்கென இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் சென்றுகொண்டிருந்த 4,000 பணத்தை, அரசியாரின் இசைவோடு, உபதேசிமாரின் சம்பளத்துக்குத் திருப்பினார். அரண்மனைக் காலணியினும் கடற்கரைப் பிள்ளைகளின் கல்வி பெரிதென்பதை அவர் காட்டிய விதம் இது.

ஒரு சொல்லின் திருத்தம்

அவர் வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. அவசரத்திற் செய்த அம்மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று எழுதியிருந்தனர். மக்களும் மாதக்கணக்கில் அவ்வாறே ஓதிவந்தனர். சவேரியாரும் அதையே உருப்போட்டு ஓதினார். பிழையை உணர்ந்ததும், 1544-இல் தமது துணைவர் மான்சிலாஸ் என்பார்க்குக் கடிதம் எழுதி, வேணும் என்பதை நீக்கி விசுவாசம் என்னும் சொல்லைச் சேர்க்குமாறு பணித்தார். இரண்டுக்குமுள்ள பொருள் வேறுபாட்டையும் விளக்கினார். ஊரறியத் தாம் கற்பித்தது பிழையென்று ஒப்புக்கொள்வதில் அவர் வெட்கப்படவில்லை. வாயில் நிற்கும் சொல் மனத்தில் என்ன பொருளாக நிற்கிறது என்பதே அவர்க்குக் கவலை.

திருவிதாங்கூர்க் கரையில்

1544 ஜூன் மாதம் வடுகப் படையினர் கன்னியாகுமரிப் பக்கத்துக் கரையூர்களைச் சூறையாடினர். மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வருந்தினர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று எட்டு நாள் வழிமறித்தது. கடல்வழி கைவிட்டுக் கால்நடையாகவே சென்று அவர்களை ஆற்றினார்.

அவ்வாண்டின் இறுதியில், வேணாட்டு மன்னரின் அனுமதியோடு, மேற்குக் கரையில் முக்குவர் வாழும் ஊர்களுக்கு வந்தார். பூவார், கொல்லங்கோடு, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை, தேங்காய்ப்பட்டணம், இனயம், மிடாலம், வாணியக்குடி, குளச்சல், கடியபட்டணம், முட்டம், பள்ளம் எனப் பதின்மூன்று ஊர்களை வரலாற்றாசிரியர் குறிப்பர். ஒரு மாத காலத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றனர். ஒவ்வொருவர்க்கும் புதுப் பெயரை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஊரை விட்டு நீங்குமுன், மக்களுடைய மொழியிலேயே எழுதிய செபப் பிரதியை வைத்துச் சென்றார். காலையும் மாலையும் அதனை ஓதவும், ஓதக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார்.

1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை புதிதாக வகுக்கப்பட்டபோது, பூவார் கேரளத்திலும் மற்றவை பெரும்பாலும் தமிழ்நாட்டிலுமாகப் பிரிந்தன. ஆயினும் தூத்தூர், வள்ளவிளை, பூத்துறை முதலிய ஊர்கள் இன்றளவும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. மாநில எல்லை ஊர்களைப் பிரித்தது. கோயில் வழிவந்த உறவு பிரியவில்லை.

இறுதி நாட்கள்

1545-இல் சவேரியார் நம் கரையை விட்டு மலாக்கா சென்றார். அங்கிருந்து மொலுக்காஸ் தீவுகள். 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமா. சென்ற இடமெல்லாம் அவ்விடத்து மொழியில் செபங்களைப் பெயர்க்கச் செய்வது அவர் வழக்கம். சீன தேசத்தினுள் நுழையக் கருதிச் சான்சியன் தீவில் காத்திருக்கையில் காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3-ஆம் நாள், தமது நாற்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். அவர் உடல் கோவாவில் பொம் இயேசு பேராலயத்தில் உள்ளது. 1622 மார்ச் 12-ஆம் நாள் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பெற்றது. நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றில் அவர் பெயரால் விளங்கும் கோயிலின் திருவிழாவுக்குச் சமயபேதமின்றி மக்கள் திரள்வதை நம்மில் பலர் கண்டிருப்பர்.

அவர் இட்ட விதை பின்னர் முளைத்தது. 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த என்றீக்கே என்றீக்கசு சுவாமியார், தமிழை முறையாகக் கற்று, பழைய செபங்களின் பிழைகளைக் களைந்தார். அவர் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் என்னும் ஞானோபதேச நூல் 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தமிழ் எழுத்திலே அச்சாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் அது. நாம் திருவனந்தபுரத்தில் வண்டியேறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சேரும் கொல்லத்திலே தமிழ் அச்சின் பிறப்பிடம் உள்ளதென்பது தமிழர் யாவரும் நினைந்து மகிழத்தக்கது.

குறையையும் மறைத்தல் ஆகாது. சவேரியார் தம் காலத்து மனிதர். பிற சமயத்தாரைப் பற்றி அவர் எழுதிய கடுமொழிகள் இன்று நமக்கு ஏற்புடையன அல்ல. கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டுமென 1546-இல் போர்த்துக்கல் அரசர்க்கு எழுதியதும் அவரே. அவர் மறைந்த பின்னர் 1560-இல் நிறுவப்பெற்ற அம்மன்றத்தால் பலர் துன்புற்றனர். அடியாரேயாயினும் அவர்தம் செயலனைத்தும் பின்பற்றற்கு உரியனவல்ல. பிள்ளைகளிடத்தும் எளியவரிடத்தும் அவர் காட்டிய பொறுமையே நாம் கைக்கொள்ளத்தக்கது.

நம் வீட்டில் நேர்ந்தது

இனி, இவ்வரலாற்றை நாம் எழுதப் புகுந்த காரணத்தைச் சொல்லி முடிப்போம்.

முன்னாளில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதான பின்னரே நற்கருணை வாங்குவது பல தேசங்களில் வழக்கமாயிருந்தது. 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், புத்தி விவரம் தெரியும் ஏழு வயதளவிலேயே வாங்கலாமென விதித்தார். அதுமுதல் புதுநன்மை ஆயத்தம் ஆரம்பப் பள்ளிப் பருவத்துக் காரியமாயிற்று. நம் இளைய மகளும் மூன்றாம் வகுப்பில் அதற்கெனப் பயின்றாள். பயிற்சி மலையாளத்தில். ஆசிரியை நல்லவர்; குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. நாமோ மாற்று வேலை முறையைக் காரணங்காட்டி, எல்லாம் பள்ளியிலே பார்த்துக்கொள்வர் என்று வாளாவிருந்தோம்.

ஒரு மாலை, தூத்துக்குடிப் பக்கத்தவரான எம் அன்னையாரிடம் குழந்தை மனஸ்தாபப் பிரகரணத்தைத் தடையின்றி ஒப்புவித்தாள். செய்த பாவத்துக்காக மனம் வருந்திச் சொல்லும் செபம் அது. பொருள் தெரியுமா என்று பாட்டி வினவினார். தெரியுமென்றாள் குழந்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருப்பதுதான் மனஸ்தாபம். அது தீரவேண்டுமெனக் கேட்கும் செபம் இது என்றாள்.

அருகில் உணவருந்திக்கொண்டிருந்த நமக்குக் கைக்கவளம் வாய்க்குச் செல்லவில்லை. பூர்வீக வீட்டுப் பாகத்தை முன்னிட்டு எம் தமையனாரோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. அதனை வீட்டில் மனஸ்தாபம் என்றே சொல்லி வந்தோம். வேணும் என்ற சொல்லை விசுவாசம் என நம்பி ஓதிய அக்கரை மக்களைப்போலவே, எம் குழந்தையும் வீட்டிற் கேட்ட பொருளை வைத்துச் செபித்திருந்தாள். பிழை அவளதன்று. சொல்லுக்கு அப்பொருளைக் கற்பித்தவர் நாமே.

பாட்டி அவளை மடியில் இருத்தி, சரியான பொருளைத் தமிழில் எடுத்துரைத்தார். அன்றுமுதல் இரவுதோறும் பள்ளியில் கற்றதைப் பேத்தி மலையாளத்திற் சொல்வாள். பாட்டி தமிழிற் சொல்வார். அவ்விரண்டின் நடுவே நாமும் அமர்ந்து, மறந்துபோயிருந்த செபங்களை மீளக் கற்றோம். ஒரு வாரம் சென்றபின், தமையனாருக்குக் கடிதம் எழுதினோம். பாகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. குழந்தை சொன்னதை மட்டும் எழுதினோம். பதில் வரவில்லை. ஆனால் புதுநன்மை நாளன்று காலை, நாகர்கோவில் வண்டியில் அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினர். வீட்டுப் பாகம் இன்னும் தீர்ந்தபாடில்லை. பேச்சு மட்டும் தொடங்கியிருக்கிறது.

பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உரைத்தது. சவேரியார் அதனை மறுபுறத்தினின்றும் கண்டிருந்தார். பெற்றோர்க்கு ஆசிரியர் பிள்ளைகளே என்று அவர் நம்பினார். இரண்டும் மெய்யே. பள்ளி செபத்தைக் கற்பிக்கலாம். அதன் பொருளைக் குழந்தை வீட்டில் நாம் நடக்கும் நடையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எச்சமயத்தார் வீட்டிலும், எப்பாடத்திலும், இஃது ஒன்றே.

ஆதலால் அன்பர்களே, நம் காலனிப் பிள்ளைகள் மலையாளமும் ஆங்கிலமும் செவ்வனே கற்கட்டும். வாழும் மண்ணின் மொழியை மதித்தல் நம் கடன். ஆனால் இரவில் ஒரு கால் மணி நேரமேனும் அவர்களை அருகிருத்தி, பள்ளியிற் கற்றதைத் தமிழிற் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பொருள் தவறாயிருந்தால் திருத்துங்கள். தவறு நம்முடையதாயிருந்தால் நம்மைத் திருத்திக்கொள்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!